வீட்டுக் கொல்லையில் ஒரு ஸதகா

மதீனாவில் ஒரு மூதாட்டியார் இருந்தார். தம் நிலத்து வாய்க்கால் ஓரத்தில் 'ஸில்க்' எனும் கீரையைப் பயிரிட்டு வைத்திருந்தார். பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த செடி அது. வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் அதன் வேர்களைப் பிடுங்கிச் சட்டியிலிட்டு, ஒரு கைப்பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துச் சமைத்து வைப்பார். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஸஹாபிகள் சிலர் அவரிடம் சென்று ஸலாம் உரைப்பார்கள். அவர் அந்த உணவை அவர்கள் முன் வைப்பார். அதில் கொழுப்பு இல்லை. அந்தக் கிழங்கே இறைச்சியின் இடத்தில் இருந்தது. ஆயினும் அந்த உணவை எண்ணியே அவர்கள் வெள்ளிக்கிழமையை ஆவலோடு எதிர்பார்த்திருந்தார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் புகாரியில் இடம் பெற்றிருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள். அந்த அம்மையாரிடம் இருந்தவை வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு மண், கொஞ்சம் தண்ணீர், கொடுக்கும் மனம் ஆகியவையே. இம்மூன்றையும் கொண்டு அவர் செய்த உபசாரம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஓதப்படுகிறது. நம் வீட்டுக் கொல்லையில் அப்படி ஓர் ஓரம் இல்லையா? இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது, அதில் மார்க்கம் நமக்குக் காட்டும் ஒழுங்குகள் எவை என்பதே இம்மாதப் பாடம்.

தறி ஓடும் ஊரில்

இப்பாடத்தை இளம்பிள்ளையை மனத்தில் வைத்துச் சொல்கிறோம். சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலையை அடுத்து இருக்கும் இந்தப் பேரூர் சேலைக்குப் பெயர் பெற்றது. காலை முதல் இரவு வரை தறிச் சத்தம் ஓயாத ஊர். எந்தச் சமுதாயத்தவராயினும் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கே பல. தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் முதலில் குறைவது கீரையும் காயும்தான். அரிசியை வாங்கிவிடுவார்கள், பருப்பையும் எப்படியோ வாங்கிவிடுவார்கள். காய்க்கு வரும்போது, "இன்று ரசம் போதும்" என்று வீட்டுப் பெண் தன் பங்கைக் குறைத்துக் கொள்வாள்.

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 300 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கூறியது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது தினமும் ஒன்றரைக் கிலோ. அவ்வளவையும் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் எத்தனை? குழந்தைகளின் வளர்ச்சியும், பிள்ளை பெற்ற பெண்களின் இரத்த பலமும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கின்றன. கொல்லைத் தோட்டம் முழுக் கணக்கையும் தீர்க்காது. ஆனால் கீரை, புதினா, மல்லி, மிளகாய், நாலைந்து காய் என்ற அளவில் வீட்டுக்கு வேண்டியதில் ஒரு பகுதியை நிச்சயமாகத் தரும்.

நாடு முழுவதும் தானியத் தட்டுப்பாடு வந்த 1965ஆம் ஆண்டில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் வீட்டுப் புல்வெளியையே உழுது பயிரிட்டுக் காட்டினார். தமிழ்நாட்டு அரசும் 2021-22இல் 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம்' என்னும் திட்டத்தில் வீடுகளுக்குக் காய்கறி விதைத் தொகுப்புகளை மானிய விலையில் வழங்கியது. அரசு சொல்லும் முன்னரே நமக்கு இதைச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

நட்டவருக்கு நன்மை

ஒரு முஸ்லிம் மரம் நட்டு அல்லது விதை விதைத்து, அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸின் கருத்து. உம்மு முபஷ்ஷிர் (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணியின் பேரீச்சந் தோப்புக்கு அண்ணலார் சென்றிருந்தபோது இவ்வாறு அருளியதாக முஸ்லிமில் ஓர் அறிவிப்பு உண்டு. மற்றோர் அறிவிப்பில், அதிலிருந்து திருடு போனதும் நட்டவருக்கு ஸதகாவே என்றும் காணப்படுகிறது. நம் வேலியோரத்து வெண்டையை ஒரு சிறுவன் பறித்துக் கொண்டு ஓடினால் ஏசுவதற்கு முன் இதை நினைத்துக் கொள்வோமாக!

இன்னொரு செய்தி. ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக் பெற்று இத்தாவில் இருந்தார்கள். தம் பேரீச்ச மரங்களில் காய் பறிக்கப் புறப்பட்டபோது ஒருவர் அவர்களைக் கண்டித்தார். அந்த அம்மையார் நாயகத்திடம் முறையிட்டார்கள். அண்ணலார் அனுமதி அளித்ததோடு, அதைக் கொண்டு நீர் தர்மமோ நன்மையோ செய்யக்கூடும் என்ற பொருள்பட அருளினார்கள். இதுவும் முஸ்லிமில் உள்ளது. கணவன் துணையின்றி நிற்கும் பெண்ணுக்கும் தன் மரம், தன் விளைச்சல், தன் ஸதகா என்னும் கண்ணியம் உண்டு என்பது இதில் விளங்குகிறது. இன்று நம் வீடுகளில் விதவையாகவோ தனித்தோ இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு பாத்தியைப் பிரித்துக் கொடுத்தால், பிறர் கையை எதிர்பார்த்த கை கொடுக்கும் கையாக மாறும்.

நம் முன்னோர் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. ஸ்பெயினின் செவில் நகரைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் 12ஆம் நூற்றாண்டில் பயிர்த்தொழில் பற்றிப் பெரும் நூல் எழுதினார். இந்தியாவில் பிறந்த கத்தரிக்காய் அரபுகளின் வழியாகத்தான் ஸ்பெயினை அடைந்தது.

இடமும் மண்ணும்

பத்தடிக்குப் பத்தடி இடம், நாளில் ஐந்தாறு மணி நேரம் வெயில் — தொடங்க இது போதும். கொல்லை முழுதும் சிமெண்ட் பூசியாகிவிட்டதா? மொட்டை மாடி இருக்கிறது. பழைய வாளி, எண்ணெய் டின், அரிசிச் சாக்கு எதுவானாலும் அடியில் நாலைந்து துளையிட்டுக் கொள்ளலாம். மாடியில் நீர் தேங்காமல் செங்கல் மேல் வையுங்கள். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாக ஒதுக்குங்கள். சாயப் பட்டறையிலிருந்து வரும் காலி மருந்துப் பீப்பாய்களில் எந்த உணவுச் செடியையும் வைக்கக் கூடாது. கழுவினாலும் அதன் மிச்சம் போகும் என்று நம்புவதற்கில்லை.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு கலந்தால் தொட்டிக்கு ஏற்ற மண். தரையில் பாத்தி போடுவதானால் ஒரு முழ ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, எரு பரப்பிக் கிளறி விடுங்கள்.

உளூத் தண்ணீர்

சேலம் வட்டாரத்தின் கோடையை நாம் அறிவோம். தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். நம் ஒவ்வொரு வீட்டிலும் நாளுக்கு ஐந்து வேளை நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. தொழும் ஐவர் உள்ள வீட்டில் ஒருவர் ஓர் உளூவுக்கு 2 லிட்டர் செலவழித்தால் ஐந்து வேளைக்கு 50 லிட்டர். நூறு சதுர அடிப் பாத்திக்குக் கோடை நாளில் வேண்டியதும் ஏறத்தாழ அவ்வளவே!

உளூச் செய்து விழும் நீர், ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய கருத்தின்படியும் ஷாஃபி மத்ஹபிலும் சுத்தமானதே. அதைக் கொண்டு மறுபடி உளூச் செய்ய முடியாது. செடிக்கு ஊற்றத் தடையில்லை. உளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்காலோ குழாயோ பாத்திக்கு இட்டுவிட்டால் போதும். நீர் தேங்கிக் கொசு பெருகாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

செடிக்குப் போகிறதே என்று குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்வது சரியாகாது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டர் அளவில் வரும். ஹனஃபிக் கணக்கில் சற்றுக் கூடும்.

சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். சாயக் கழிவு கலக்கும் ஓடை நீரையும், நிறமோ வாடையோ மாறிய கிணற்று நீரையும் உணவுச் செடிக்கு அறவே பாய்ச்சக் கூடாது. செடி பச்சையாகத்தான் நிற்கும். உண்பவர் உடம்பில் போய்ச் சேருவதைக் கண் காணாது. அவ்வாறே, நம் பட்டறைக் கழிவு பிறர் கிணற்றுக்குப் போகிறதென்றால் அங்கே பிறர் உரிமை பாழாகிறது. நம் கொல்லையில் நட்டு ஸதகா தேடுபவர், தம் தொழிலால் அடுத்தவர் கொல்லையைக் கெடுக்கலாமா? தொழில் உடைய சகோதரர்கள் சிந்திக்க வேண்டும்.

எதை விதைப்பது?

கீரையில் தொடங்குங்கள். சிறுகீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை ஆகியவை 25 நாளில் கைக்கு வரும். அரைக்கீரையை ஒருமுறை விதைத்தால் பலமுறை அறுக்கலாம். விதையை மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல், நான்காகப் பிரித்து வாரம் ஒன்றாக விதைத்தால் மாதம் முழுதும் கீரை இருக்கும். பொன்னாங்கண்ணிக்குத் தண்டை ஒடித்து ஊன்றினாலே போதும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் முதலில் நாற்றாக விட வேண்டும். தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் பிடுங்கி நடலாம். வெண்டையும் கொத்தவரையும் நேரடி விதைப்பு. ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் நம் பக்கத்துக்கு உகந்தவை. வேலியோரம் அவரை, பீர்க்கு, பாகல் ஏற்றலாம். முருங்கை ஒன்று அவசியம். பெரியகுளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம். 1 ரகம் விதைத்து ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

சுரைக்கு ஒரு குழி ஒதுக்குங்கள். ஒரு தையற்காரர் அளித்த விருந்தில் வாற்கோதுமை ரொட்டியும், சுரையும் உப்புக்கண்டமும் சேர்ந்த குழம்பும் வைக்கப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தட்டில் சுரைத் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டார்கள். அன்று முதல் தமக்கும் சுரை மீது விருப்பம் ஏற்பட்டதாக அனஸ் (ரலி) கூறுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சுரையைக் கண்டு முகம் சுளிக்கும்போது இந்த விருந்தைச் சொல்லிப் பரிமாறுங்கள்.

நோன்புக்குப் பின்னோக்கிக் கணக்கு

நோன்புக் கஞ்சிக்கும் பெருநாள் பிரியாணிக்கும் புதினாவும் மல்லியும் இல்லாமல் ஆகாது. அம்மாதத்தில் கடைத்தெருவில் அவற்றின் விலை ஏறுவதும் வழக்கம். இதற்கு நம் பிறைக் கணக்கிலேயே வழி இருக்கிறது. மல்லிக்கு 40 நாள் வேண்டும். ஆகவே ரஜப் பிறை 20 வாக்கில் விதைக்க வேண்டும். மல்லி விதையை இரண்டாக உடைத்தே விதைக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். வெந்தயக்கீரைக்கு 25 நாள். ஷஅபான் பிறை 5இல் தூவலாம். புதினாவுக்கு ரஜப் முதல் வாரத்திலேயே தண்டு ஊன்றிவிட்டால் நோன்பு வரும்போது பரவி நிற்கும். அதற்கு அரை நிழலும் ஈரமும் தேவை.

வரும் ஆண்டுகள் இதற்கு இணக்கமானவை. நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே வருவதால், 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கும் ரமலான், 2028இல் ஜனவரி இறுதிக்கும், 2030இல் ஜனவரி முதல் வாரத்துக்கும் வந்து, அதே ஆண்டின் டிசம்பர் இறுதியில் மறுபடியும் வரும். மல்லி குளிர்ந்த பருவத்தை விரும்பும் செடி. கோடையில் வாடிப்போகும் மல்லி அந்த நோன்புகளில் நன்றாக வரும், இன்ஷா அல்லாஹ்.

சப்ஜா விதை தரும் திருநீற்றுப் பச்சிலையும் ஒரு தொட்டியில் இருக்கட்டும். இப்தார் சர்பத்தில் ஊறும் விதை அதுதான். மணம் மிக்க 'ரைஹான்' யாரேனும் கொடுத்தால் மறுக்கலாகாது. சுமக்க இலேசானது, மணம் நல்லது என்பது முஸ்லிமில் உள்ள நபிமொழியின் கருத்து. வேலிக்கு மருதாணி நடுங்கள். வறட்சியைத் தாங்கும், பெருநாள் இரவில் பெண்பிள்ளைகளின் கையும் சிவக்கும்.

மருந்துச் செடிகள்

கஞ்சமலை மூலிகைக்குப் பெயர் பெற்ற மலை. அதன் அடியில் இருப்பவர்கள் சளிக்கு ஓமவல்லியையும் தூதுவளையையும் ஆடாதொடையையும் அறியாதவர்கள் அல்லர். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி, ஆவி பிடிக்க நொச்சி என்று ஓரிரு செடி வைத்துக் கொள்ளலாம். கைக்குழந்தைக்கும் கருவுற்றவர்க்கும் கேட்டறியாமல் எதையும் கொடுக்கலாகாது. விடாத காய்ச்சலுக்கும் மஞ்சள் காமாலைக்கும் மருத்துவரிடம் செல்லாமல் இலையை மட்டும் நம்பி இருப்பது தவக்குல் ஆகாது. மருத்துவம் செய்து கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே பணித்திருக்கிறார்கள்.

எருவும் சுத்தமும்

தொழுகையாளிகளுக்கு வரும் ஐயம் இது. சாணம் நஜீஸ் ஆயிற்றே, அதை இட்டு வளர்த்த கீரையை உண்ணலாமா? உண்ணலாம். நஜீஸான எரு இடப்பட்டதால் விளைந்த பயிர் நஜீஸாகிவிடுவதில்லை. இலையில் ஒட்டியிருப்பதைக் கழுவிவிட வேண்டும். சாணமும் குப்பையும் முற்றிலும் மக்கி மண்ணாகவே மாறிவிட்டால், தன்மை மாறியதால் அது சுத்தமாகிவிடுகிறது என்பது ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய கருத்து. ஷாஃபி மத்ஹபினர் கையும் துணியும் பட்டால் கழுவிக் கொள்ள வேண்டும். எப்படியாயினும் தோட்ட வேலைக்கென ஒரு பழைய துணியை ஒதுக்கி வைத்துக் கொள்வது பேணுதலானது.

இன்று பலரும் தெளிக்கும் பஞ்சகவ்யத்தில் பசுவின் சிறுநீரும் சாணமும் சேர்கின்றன. மேற்படி இரு மத்ஹபுகளின் தீர்ப்பிலும் அவை அசுத்தமே. பயன்படுத்துவோர் அதைப் பறிக்கும் இலை மேல் தெளிக்காமல், நீரில் கலந்து வேரடியில் ஊற்றிக் கொள்ளலாம். அதற்குப் பதிலாக மீன் கழிவையும் அதே எடை வெல்லத்தையும் ஒரு சாடியில் மூடி மூன்று நான்கு வாரம் வைத்தால் வடியும் சாறு நல்ல ஊட்டம். ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. போதும்.

பூச்சி

50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். மாலையில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தேனீக்கள் பூவில் இருப்பது காலையில். எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, கீச்சான் குருவி என்னும் நான்கையும் கொல்ல வேண்டாம் என்று தடுக்கப்பட்டிருப்பது அபூதாவூதில் உள்ளது. தேனீ வராத தோட்டத்தில் சுரைப்பூ வெறும் பூவாகவே உதிரும். தேனீ இல்லாதபோது ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டியிருக்கும்.

சட்டங்கள் சில

1. வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரின் சம்மதம் பெற்றே பயிரிட வேண்டும். கீரைக்கு எளிதில் இசைவார். மரம் நடுவதானால் பின்னர் அது யாருக்கு என்பதையும் பேசி முடித்துக் கொள்ளுங்கள்.

2. தெருவையோ அடுத்தவர் மனையையோ சாண் அளவுகூட வேலிக்குள் சேர்க்காதீர்கள். அநியாயமாக ஒரு சாண் நிலம் எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகளும் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஸதகாவுக்காக நட்ட செடி சாபத்துக்குக் காரணமாகக் கூடாது.

3. உஷ்ரு உண்டா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் காய்கறிக்கும் உஷ்ரு உண்டு. குறைந்தபட்ச அளவும் இல்லை. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும், ஓராண்டு கெடாமல் நிற்கும் விளைச்சல் 5 வஸக் அளவை எட்டினால்தான் கடமை என்றார்கள். ஷாஃபி மத்ஹபில் காய்கறிக்கு இல்லை. ஆனால் வீட்டு முற்றத்து மரம் வீட்டைச் சார்ந்ததாதலின் அதற்கு உஷ்ரு இல்லை என்று ஹனஃபி ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். மனை முழுவதையும் தோட்டமாக்கிவிட்டால் நிலை வேறு. அப்போது ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்க.

4. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வரலாகாது. தோட்டத்து வெங்காயத் தாளுக்கும் இதே சட்டம்தான்.

அண்டை வீடு

உஷ்ரு கடமையில்லை என்றால் கொடுக்கவே வேண்டாம் என்பதல்ல. குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்றே முதலில் கேட்டார்கள். இளம்பிள்ளை போன்ற ஊரில் நம் அண்டை வீட்டார் பெரும்பாலும் மாற்று மதச் சகோதரர்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒரு கட்டுக் கீரையில் எந்தச் சங்கடமும் இல்லை. வாங்கும் கைக்கும் கூச்சமில்லை. கொடுக்கும் கைக்கும் பாரமில்லை. தறி நின்ற வாரத்தில் அந்தக் கீரை கறியைவிடப் பெரியது.

ஆகவே சகோதர சகோதரிகளே! இந்த வாரமே ஒரு பாத்தி கொத்துங்கள். பிஸ்மி சொல்லி விதையைப் பிள்ளைகளின் கையால் தூவச் செய்யுங்கள். விதைப்பது நாம், முளைக்க வைப்பவன் அல்லாஹ் என்பதை அந்தப் பச்சைத் துளிரைக் காட்டியே அவர்களுக்குப் புரிய வைக்கலாம். கியாமத் நாள் வந்துவிட்ட போதும் கையில் ஒரு கன்று இருந்து, நட முடியுமானால் நட்டுவிடுங்கள் என்று சொன்ன நபியின் உம்மத்தினர் நாம். நம் கையில் இருப்பதோ ஒரு பிடி கீரை விதை. நமக்குக் கிடைத்திருப்பதோ அமைதியான ஒரு மாலைப் பொழுது. தாமதிப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது?

அல்லாஹ் நம் மண்ணிலும் நீரிலும் பரக்கத் செய்து, நாம் உண்பதையும் பிறருக்குக் கொடுப்பதையும் ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்.